கற்றாளையின் நீர்த்தேவையும் ஒளித்தேவையும்

நீரின்றியும் வாழக்கூடியது என்பதே கற்றாளையைப் பற்றிப் பெரும்பாலோர் கொண்டுள்ள முதற் கருத்தாகும். மன்னார், கற்பிட்டி முதலிய வரண்ட கரையோரங்களின் மணற்றரையில் அது செழித்து நிற்பதைக் கண்டோர்க்கு இக்கருத்துத் தோன்றுதல் இயல்பே. ஆயின், நீரின்றி வாழும் தாவரம் நீரின்றியே பயனும் தரும் எனக் கொள்ளுதல் பொருந்துமா? முன்னையது தாங்குதிறன் பற்றியது. பின்னையது விளைச்சல் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை, இத்தாவரம் நீரையும் ஒளியையும் கையாளும் முறை தெளிவாக உணர்த்துகின்றது.

பெரும்பாலான தாவரங்கள் பகலிலே தம் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. அவ்வேளையில், திறந்த வாயில்களினூடாக ஆவியுயிர்ப்பினால் பெருமளவு நீரையும் இழக்கின்றன. கற்றாளையோ வெப்பந் தணிந்த இரவிலேயே இலைவாய்களைத் திறக்கின்றது. இரவிற் பெற்ற காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாக மாற்றிக் கலங்களின் புன்வெற்றிடங்களிற் சேமிக்கின்றது. பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, அவ்வமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டை விடுவித்து, சூரிய ஒளியின் துணையுடன் உணவைத் தொகுக்கின்றது. இம்முறையைக் கிரசுலேசிய அமில அனுசேபம் என்பர். ஒரு காலம் தரங்கம்பாடியிற் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பார், ரணகள்ளியின் இலை காலையிற் புளிப்பாகவும் நண்பகலிற் சுவையற்றும் இருப்பதை நாவினால் உணர்ந்து எழுதிய குறிப்பு 1815ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இவ்வனுசேபத்தைப் பற்றிய தொடக்ககால அவதானிப்புகளுள் அதுவும் ஒன்றாகும்.

கற்றாளை இரவில் ஒட்சிசனை வெளிவிட்டு அறையின் காற்றைத் தூய்மையாக்கும் என்னும் பரவலான கூற்றையும் இங்கு ஆராய்தல் தகும். ஒளித்தொகுப்பில் ஒட்சிசன் தோன்றுவது ஒளியினால் நீர் பிளவுறும்போதேயாம். எனவே, இரவில் நிகழ்வது காபனீரொட்சைட்டின் சேமிப்பேயன்றி ஒட்சிசனின் உற்பத்தி அன்று.

ஒளித்தேவையை இவ்வடிப்படையிலேயே விளங்கிக்கொள்ளலாம். இரவிற் சேர்த்த அமிலத்தைப் பயன்படுத்தப் பகலொளி போதியளவு வேண்டும். நீண்டகாலம் நிழலில் வைத்த செடியின் இலைகள் மெலிந்து, வெளிறி, நிமிர்ந்து நிற்கும் வலுவை இழக்கின்றன. மறுபுறம், நிழலில் வளர்ந்த செடியைத் திடீரெனக் கடும் வெயிலில் வைத்தால் இலை கருகும். அதனைச் சிறிது சிறிதாகவே வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். கடும் ஒளியும் நீர்க்குறைவும் ஒருங்கே தாக்கும்போது இலை செம்மை கலந்த கபில நிறமடைவதுண்டு. அந்நிறமாற்றம் மிகையொளியிலிருந்து தன்னைக் காக்கும் ஏற்பாடாகும்.

நீரைப் பொறுத்தவரை, அளவினும் இடைவெளியே முதன்மையானது. மேல்மண் மட்டுமன்றி வேர்கள் பரவிய ஆழமும் உலர்ந்த பின்னரே, மண் முழுதும் நனையுமாறு நீர் ஊற்றல் வேண்டும். மிகுநீர் வடிந்தோட மணற்பாங்கான மண் தேவை. நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் வேர்ப்பகுதி என்றும் ஈரமாயிருந்து, காற்றோட்டமின்றி அழுகும். வீட்டுச் சாடிகளிற் கற்றாளை மடிவது பெரும்பாலும் நீர்ப் பற்றாக்குறையாலன்று, நீரின் மிகுதியாலேயாம். மழைக்காலத்தில் நீரூற்றுதலை நிறுத்திவிடலாம்.

ஆயின், வரட்சி நீடித்தால் நிகழ்வது யாது? கற்றாளை இரவிலும் தன் இலைவாய்களை மூடிவிடுகின்றது. தன் சுவாசத்தினால் தோன்றும் காபனீரொட்சைட்டையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தி உயிரைக் காக்கின்றது. வெளியிலிருந்து காபன் வாராமையால் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. இலைச்சோற்றிலுள்ள நீர் செலவாகி இலை சுருங்குகின்றது. அச்சோற்றின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கு நீரேயாகும். ஆகவே, கற்றாளையை விற்பவன் உண்மையில் நீரையே விற்கின்றான்.

இவ்வுண்மை எமது வரண்ட வலயத்து விவசாயிக்கு நேரடியான பொருளுடையது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் பல மாதங்கள் அவன் கிணற்றையே நம்பி வாழ்கின்றான். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ சுண்ணக்கற் படையில் தங்கும் நன்னீரை அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். கற்றாளைக்கு நெல்லைப் போலவோ வெங்காயத்தைப் போலவோ நீர் வேண்டியதில்லை என்பது மெய். எனினும் நீரே வேண்டாம் எனக்கூறி அவனைப் பயிரிடத் தூண்டுவோர், இலையின் நிறைக்கேற்ப விலை பேசும்போது, வரட்சியின் இழப்பு முழுவதையும் அவன் தலையிலேயே சுமத்துகின்றனர். தாவரத்தின் பொறுமையை விளைச்சலாகக் கணக்கிடாது, கோடையில் அளவறிந்து நீர் பாய்ச்சுவதற்கான செலவையும் சேர்த்துக் கணிக்கும் திட்டமே அறிவியலுக்கும் நீதிக்கும் ஒத்ததாகும்.