போதைப்பொருள் வழக்கில் சிக்கிய வாகனம்: குற்றமற்ற உரிமையாளர் திரும்பப் பெற முடியுமா?

புதுதில்லி: லாரியிலோ வாடகைக் காரிலோ பயணித்த ஒருவரிடம் போதைப்பொருள் சிக்கினால், அந்த வாகனத்தையும் காவல் துறை கைப்பற்றுகிறது. குற்றத்தில் தொடர்பில்லாத உரிமையாளர், வழக்கு முடியும் வரை வருமானத்தை இழந்து கடன் தவணையை மட்டும் செலுத்திக்கொண்டிருக்க வேண்டுமா? அவசியமில்லை என்பதை உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் இரு தீர்ப்புகளில் தெளிவுபடுத்தியுள்ளது.

சட்டம் கூறுவது என்ன?

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் (1985) 60-ஆவது பிரிவின்படி, கடத்தலுக்குப் பயன்பட்ட வாகனம் பறிமுதலுக்கு உரியது. எனினும், தனக்கோ, தனது முகவருக்கோ, வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கோ தெரியாமல் கடத்தல் நடந்தது என்றும், உரிய முன்னெச்சரிக்கை எடுக்கப்பட்டிருந்தது என்றும் உரிமையாளர் நிரூபித்தால் விலக்கு உண்டு.

இங்கு கைப்பற்றுதல் வேறு, பறிமுதல் வேறு. முன்னது விசாரணைக்கானது. வாகனத்தை நிரந்தரமாக அரசுடைமையாக்கும் பறிமுதல் உத்தரவை, உரிமை கோருபவரின் தரப்பைக் கேட்ட பிறகே நீதிமன்றம் பிறப்பிக்க முடியும்.

அஸ்ஸாம் லாரி வழக்கு

அஸ்ஸாமில் 2023-இல் ஒரு லாரியில் பயணித்தவரிடம், சோப்புப் பெட்டிகளில் மறைக்கப்பட்ட 24.8 கிராம் ஹெராயின் சிக்கியது. உரிமையாளரோ ஓட்டுநரோ குற்றம்சாட்டப்படவில்லை. ஆயினும், கடனில் வாங்கிய அந்த லாரியை விடுவிக்க கீழமை நீதிமன்றமும் குவாஹாட்டி உயர்நீதிமன்றமும் மறுத்தன.

கடந்த 2025 ஜனவரி 7-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள் சஞ்சய் கரோல், மன்மோகன் அமர்வு, விசாரணைக் காலத்தில் வாகனத்தை ஒப்படைக்க இச்சட்டத்தில் தடை ஏதுமில்லை என்றது. காவல் நிலையத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று வாகனம் மதிப்பிழப்பதால் எவருக்கும் பயனில்லை என்றும் சுட்டிக்காட்டியது.

உரிமையாளரிடமோ, அவர் நியமித்த ஓட்டுநர் உள்ளிட்ட முகவரிடமோ போதைப்பொருள் சிக்கினால், பொதுவாக வாகனம் உடனே விடுவிக்கப்படாது. திருடப்பட்ட வாகனத்திலோ, உரிமையாளருக்குத் தொடர்பில்லாத பயணியிடமோ சிக்கினால், பொதுவாக இடைக்காலமாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்று நீதிபதிகள் வகைப்படுத்தினர்.

தமிழக வழக்கு

இரும்புத் தகடுகளுடன் ராணிப்பேட்டைக்கு வந்த லாரியில் 6 கிலோ கஞ்சா சிக்கியது தொடர்பான வழக்கில், வாகனத்தை விடுவிக்கும் அதிகாரம் போதைப்பொருள் அகற்றல் குழுவுக்கே உண்டு என சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. கடந்த 2025 அக்டோபரில் இதை ஏற்க மறுத்த நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, 2022-ஆம் ஆண்டு விதிகள் சிறப்பு நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. ஓட்டுநர் குற்றம்சாட்டப்பட்டிருந்தபோதிலும், உரிமையாளர் மீது குற்றச்சாட்டு இல்லாததால் லாரியை விடுவிக்க உத்தரவிட்டது.

உரிமையாளர் செய்ய வேண்டியது

வழக்கை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457 பிரிவுகளுக்குப் பதிலாக, தற்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. பதிவுச் சான்று, கடன் ஆவணங்கள், தனது பெயர் இடம்பெறாத குற்றப்பத்திரிகை ஆகியவை மனுவுக்கு வலுச்சேர்க்கும்.

அஸ்ஸாம் வழக்கில், வாகனத்தைப் படமும் காணொலியும் எடுத்துப் பதிவு செய்த பிறகே ஒப்படைக்க உத்தரவிடப்பட்டது. வழக்கு முடியும் வரை அதை விற்கக் கூடாது. நீதிமன்றம் கோரினால் ஒரு வாரத்துக்குள் ஒப்படைக்கவோ அதன் மதிப்பைச் செலுத்தவோ வேண்டும் எனவும் நிபந்தனை விதிக்கப்பட்டது. எனவே, இடைக்கால ஒப்படைப்பு இறுதி விடுவிப்பு அல்ல. பறிமுதல் குறித்த முடிவு விசாரணை நிறைவடைந்த பிறகே எடுக்கப்படும்.