ஒயினில் ஓடும் தபலா

"அண்ணா, தபலா சத்தம் நல்லா வருது. ஜன்னல் மட்டும் கறுப்பாவே நிக்குது. ஒரு நிமிஷம் பாக்குறீங்களா?"

ராத்திரி பதினொன்றரை மணி. கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் கருணாமயிக்குப் பக்கத்து பிளாக் ஒன்றில், எனக்கு எதிர்ப் போர்ஷனில் குடியிருக்கும் தென்காசித் தம்பி, திறந்த மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான். பகலில் செக்டர் ஃபைவில் மென்பொருள் வேலை. இரவில் நண்பர்களின் குறும்படங்களுக்கு இசை.

கணினி பழையது, ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் இறங்கி வராது. ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் ஏற்றிக்கொண்டான். அவனுக்கு லினக்ஸ் புதிதல்ல. தமிழ்நாட்டு அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்ததே, அந்தத் தலைமுறைப் பிள்ளை. பிரவுசர், படம், அலுவலகக் கோப்பு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டன. மாட்டிக்கொண்டது காசு கொடுத்து வாங்கிய தபலா பிளக்-இன். அதன் பெட்டியில் இரண்டே பெயர்கள்: விண்டோஸ், மேக்.

பிளக்-இன் என்பது தனியாக ஓடும் மென்பொருள் அல்ல; இன்னொரு மென்பொருளுக்குள் குடியேறும் ஒட்டுக்குடித்தனம். பாட்டைப் பதிவுசெய்து அடுக்கும் பெரிய மென்பொருளை இசைக்காரர்கள் 'டா' என்பார்கள். டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்பதன் சுருக்கம். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் தன் கியூபேஸ் டாவோடு விஎஸ்டி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எக்கோ பெட்டி, ஈக்வலைசர் என்று ஸ்டூடியோவில் அடுக்கிவைத்த கருவிகளெல்லாம் மென்பொருள் துண்டுகளாக டாவுக்குள் செருகப்பட்டன. 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பு வாத்தியங்களையும் அப்படியே செருக வழி செய்தது. இன்று சினிமாப் பாட்டில் நாம் கேட்கும் வயலின் கூட்டத்தில் எத்தனை பேர் நிஜ ஆட்கள் என்று கேட்டால் இசையமைப்பாளர்கள் சிரித்து மழுப்புவதற்குக் காரணம் அதுதான்.

டாவுக்கும் பிளக்-இன்னுக்கும் நடுவே நடப்பது சுத்தமான கொடுக்கல் வாங்கல். ஒலி என்பது கணினிக்கு வெறும் எண்வரிசை. நொடிக்கு 48,000 எண்கள். டா அவற்றை 128, 128-ஆகக் கட்டி நீட்டும். பிளக்-இன் தன் கணக்கைப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். நொடிக்கு 375 முறை இந்தக் கைமாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் கெடு 2.7 மில்லிநொடி. ஒரு கட்டு பிந்தினாலும் ஸ்பீக்கரில் பொரிகடலை வெடிப்பதுபோல 'பட்' என்று கேட்கும்.

இந்தக் கணக்கில் விண்டோஸுக்கென்றே ஆன சங்கதி எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டலும் பெருக்கலும் செய்வது சில்லு. அது அதே இன்டெல் சில்லுதான். பிறகு ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

முதல் தடங்கல் வாசலிலேயே. விண்டோஸ் நிரல்கோப்பு எதைத் திறந்து பார்த்தாலும் முதல் இரண்டு எழுத்து 'எம் இசட்'. டாஸ் காலத்து மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் தலைப்பெழுத்துகள் அவை; இன்றைக்கும் எல்லா விண்டோஸ் நிரலின் நெற்றியிலும் இருக்கின்றன. லினக்ஸ் அந்த இடத்தில் 'இ எல் எஃப்' என்ற எழுத்துகளைத் தேடும். காணவில்லை என்றால் கோப்பைத் தொடாது. இரண்டாவது தடங்கல் இன்னும் உள்ளே. சில்லுக்குள் ரெஜிஸ்டர் என்று குட்டிக் குட்டி அறைகள் உண்டு. ஒரு வேலையை ஏவும்போது முதல் தகவலை ஆர்.சி.எக்ஸ். அறையில் வைப்பது 64-பிட் விண்டோஸின் பழக்கம், ஆர்.டி.ஐ. அறையில் வைப்பது லினக்ஸின் பழக்கம். இலை போட்டது ஓரிடம், உட்கார்ந்தது வேறிடம் என்றால் சாப்பாடு எப்படி இறங்கும்? அதற்கும் அப்பால் ஜன்னல் திற, எழுத்துரு கொடு, சி டிரைவில் அந்தக் கோப்பை எடு என்று பிளக்-இன் விண்டோஸிடம் கேட்கும் ஆயிரக்கணக்கான உபகாரங்கள் இருக்கின்றன. கேட்கிற இடத்தில் விண்டோஸ் இல்லை.

அங்கேதான் ஒயின் வருகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பெயரை எழுதினால் பின்னாலேயே 'ஷாப்' என்று வாய் தானாகச் சொல்லும், இது வேறு. 1993-இல் தொடங்கி, 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் தலைமையில் நடக்கும் மென்பொருள் திட்டம். 1.0 என்ற எண்ணைத் தொடவே 2008 ஜூன் ஆகிவிட்டது, பதினைந்து வருடம். ஒயின் விண்டோஸைப் போல வேஷம் கட்டும் போலிக் கணினி அல்ல. நிரல் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் தானே வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றி, பதிலைத் திரும்ப விண்டோஸ் பாஷையில் கொடுக்கும். நம் வீட்டு அடைவில் 'டிரைவ்_சி' என்று ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டு அதுதான் சி டிரைவ் என்று சத்தியம் செய்யும். மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து நடத்தையைக் கவனித்தே ஒவ்வொன்றையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த சால்ட் லேக்கும் அப்படிப் புதிதாக உண்டாக்கியதுதான். 1962-இல் பிதான் சந்திர ராய் மேற்கு வங்க முதலமைச்சராக இருந்தபோது இங்கே இருந்தது உப்பேரியும் சதுப்பும். யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளி ஆற்றின் வண்டலைத் தண்ணீரோடு கலந்து குழாயில் கொண்டுவந்து கொட்டி நிலத்தை உண்டாக்கியது. அதன்மேல் டோப்ரிவோயே டோஷ்கோவிச் நகரத்தை வரைந்தார். வீடு கட்டுகிறவனுக்குக் கால் ஊன்ற ஏதோ ஒன்று வேண்டும், அது ஆதியில் என்னவாக இருந்தது என்பது பொருட்டில்லை. விண்டோஸ் நிரலுக்கும் அப்படியே.

ஆனால் பிளக்-இன் விஷயத்தில் ஒயின் மட்டும் போதாது. டா லினக்ஸில் ஓடுகிறது. பிளக்-இன் ஒயினுக்குள் கிடக்கிறது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்பதுதான் விஎஸ்டியின் விதி. இருபது வருடமாகப் பலர் இதற்குப் பாலம் கட்டிப் பார்த்தார்கள். இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது, ராபர்ட் வான் டர் ஹெல்ம் 2020-இல் வெளியிட்ட யாபிரிட்ஜ். தம்பி அன்று செய்தது இவ்வளவுதான்: பிளக்-இன் இருக்கும் ஃபோல்டரை யாபிரிட்ஜுக்குக் காட்டினான்; பிறகு 'யாபிரிட்ஜ்சிடிஎல் சின்க்' என்று டெர்மினலில் ஒரு வரி. டாவின் பட்டியலில் தபலா வந்து உட்கார்ந்துவிட்டது.

உள்ளே நடப்பதைக் கல்யாணப் பந்தியாகப் பாருங்கள். சமையல்கட்டு ஒயினுக்குள்; பந்தி லினக்ஸில். நடுவே ஒரு மேடை. யாபிரிட்ஜ் டாவின் பக்கம் ஒரு சின்ன லினக்ஸ் கோப்பை நிறுத்துகிறது. டா அதையே நிஜப் பிளக்-இன் என்று நம்புகிறது. அந்தக் கோப்பு எண்கட்டை மேடையில் வைத்துவிட்டு மணி அடிக்கும். ஒயின் பக்கத்துப் புராசஸ் எடுத்து, தபலாவிடம் கொடுத்துக் கணக்கை வாங்கி, மறுபடி மேடையில் வைக்கும். மேடை என்பது இரண்டு புராசஸும் பங்கிட்டுக்கொள்ளும் நினைவகத் துண்டு. மணி என்பது சாக்கெட் வழியாகப் போகும் செய்தி. எண்களைச் சுமந்துகொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் நொடிக்கு 375 தடவை மணியடித்து ஆளை எழுப்ப வேண்டும். எழுந்திருப்பதில் சுணங்கிக் கெடு தப்பினால் பந்தி கெட்டது.

இங்கேதான் கடிகாரத்தின் கதை. சாதாரண லினக்ஸ் எல்லா வேலையையும் நியாயமாகப் பகிர்ந்து நடத்தப் பார்க்கும். பிரவுசரில் ஓடும் விளம்பரமும் தபலாவும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த நியாயம் இசைக்கு ஆகாது. அதனால் தம்பி தன் பயனர் பெயரை 'ஆடியோ' குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்திருந்தான்: தபலாவுக்கு வேலை வந்தால் மற்றதெல்லாம் ஒதுங்க வேண்டும். லினக்ஸின் மையமான கர்னலுக்கே இந்தக் கண்டிப்பைப் பழக்கும் வேலை சுமார் இருபது வருடம் தனி ஒட்டுப்போட்ட நிரலாகவே இருந்தது. 2024 செப்டம்பரில்தான் மைய நிரலில் சேர்ந்தது. சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை, பல வருடமாக இதற்காக உழைத்த தாமஸ் கிளைக்ஸ்னர் காகிதத்தில் அச்சடித்து, தங்க நிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸிடம் கையில் கொடுத்தார். மின்னஞ்சலில் அனுப்புகிற சமாசாரம்தான். ஆனாலும் இருபது வருடம் காத்த பிள்ளைக்குச் சீர் வேண்டாமா?

முன்னுரிமை தருவதற்கு முன்பு அவன் கட்டின் அளவை 1024-இல் வைத்திருந்தான். வெடிப்புச் சத்தம் இல்லை. ஆனால் கீபோர்டில் தட்டினால் தபலா பின்னாலேயே இழுபட்டது. 1024 எண் என்றால் 21 மில்லிநொடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏழு மீட்டர் போகும். பாடகருக்கு ஏழு மீட்டர் தள்ளி மிருதங்கக்காரரை உட்காரவைத்துத் தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. 128-க்கு இறக்கினால் 2.7 மில்லிநொடி; தூரம் 92 சென்டிமீட்டர். அதாவது கச்சேரி மேடையில் நிஜமாகவே உட்காருகிற இடைவெளி. உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும்தான், என்றாலும் விரல் அதை மன்னித்துவிடும்.

கடிகாரம் சரியாகிவிட்டது. மிஞ்சியது அந்தக் கறுப்பு ஜன்னல். குமிழ்களையும் படங்களையும் வரைய அந்தப் பிளக்-இன் டைரக்ட்3டி என்ற விண்டோஸ் வரைகலையைக் கூப்பிடுகிறது. இதற்கு மருந்து இசைக்காரர்களிடம் இல்லை. விளையாட்டுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக எழுதப்பட்ட டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டியை லினக்ஸிலும் ஓடும் வல்கன் வரைகலைக்கு மொழிபெயர்க்கும். அதை ஒயினுக்குள் ஏற்றியதும் ஜன்னல் வெளுத்தது. தபலா, டக்கா, பக்கத்தில் வரிசையாகக் குமிழ்கள்.

"ரிவெர்ப திருகுறேன்ணா, பக்கத்துல எதுவோ திரும்புது."

கிளிக் செய்யும் இடம் ஒன்று, விழும் இடம் வேறு. நானும் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். இது ஊரறிந்த கோளாறு. 2024 நவம்பரில் வந்த ஒயின் 9.22-இல் ஜன்னல்களைக் கையாளும் விதம் மாறியது. அதிலிருந்து யாபிரிட்ஜ் ஜன்னல்களில் சுட்டியின் இடக்கணக்கு தப்பியது, 9.21-ஐ வைத்துக்கொள்ளும்படி யாபிரிட்ஜின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கொட்டிய மண் இறங்கினால் ஒரு சுவர் மட்டும் விரிசல் விடுமே, அதுபோல. ஒயினை 9.21-க்கு இறக்கினோம். குமிழ் சொன்னபடி கேட்டது. மணி ஒன்றரை.

அவன் அதிர்ஷ்டம், அந்தப் பிளக்-இன்னுக்கு வெறும் சீரியல் எண்தான். யு.எஸ்.பி.யில் செருகும் பூட்டுச் சாவி கேட்கிற ரகமாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம். அந்தப் பூட்டுகள் விண்டோஸின் கர்னலுக்குள்ளேயே டிரைவரை இறக்கிச் சோதிப்பவை; ஒயினிடம் அந்த ஆழம் கிடையாது. எனக்கு இதில் ஒரு ஆற்றாமை உண்டு. காசு கொடுத்தவன் வாசலில் நிற்கிறான். பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு வைத்திருப்பவன் உள்ளே உட்கார்ந்து வாசிக்கிறான். ஸ்டைன்பெர்க்கே தன் யு.எஸ்.பி. பூட்டை 2025-இல் மூடிவிட்டது. அதே ஆண்டு விஎஸ்டி3-ஐ யாரும் எடுத்தாளக்கூடிய எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்தும் விட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பே, பெர்லின் இசை மென்பொருள் நிறுவனங்களான பிட்விக்கும் யு-ஹீயும் கிளாப் என்ற திறந்த பிளக்-இன் ஏற்பாட்டை வெளியிட்டிருந்தன.

நேரடியாக லினக்ஸிலேயே ஓடும் நல்ல சரக்கும் இன்று இருக்கிறது. பியானோடெக், வைட்டல், சர்ஜ் போன்றவற்றுக்கு ஒயின் தேவையே இல்லை. சின்தசைசரும் பியானோவும் வேண்டுமென்றால் இந்த வம்புக்கே போகாதீர்கள் என்பேன். ஆனால் தபலா, மிருதங்கம், கடம், நாகஸ்வரம் என்று நம் வாத்தியங்களைப் பதிந்து விற்கிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் செய்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தொலைவில், ஏ.எஃப். பிளாக்கில் இருக்கும் சைக்ளோட்ரான் மையத்தில், செர்ன் ஆய்வுக்கூடத்தின் ஆலிஸ் சோதனைக்கான கணக்குகளை லினக்ஸ் கணினிகள் போட்டுக்கொண்டிருக்கின்றன. அணுக்கரு மோதலுக்கு லினக்ஸ் சரி, தாதிங்கிணதோமுக்குக் கூடாதாம்.

இந்த ஒட்டுவேலையில் கொல்கத்தாவுக்குப் பழைய அனுபவம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஹார்மோனியம், நாற்காலியில் உட்கார்ந்து காலால் துருத்தியை மிதிக்கிறவருக்காகச் செய்தது. தரையில் சம்மணமிடும் பாடகருக்கு அது ஆகுமா? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஊர் துவாரகாநாத் கோஷ் துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்து, இடது கையால் அமுக்கும்படி மாற்றினார். கட்டைகளைத் தொடவில்லை, நாதமும் அதே ரீடிலிருந்துதான் வந்தது. மாறியது உட்காரும் முறை.

மறுநாள் காலை தம்பி ஸ்பீக்கரைப் போட்டான். கீழ்வீட்டு மேசோமொஷாய் படியேறி வந்தார். நம்மூர் உறவுக் கணக்கில் சித்தப்பா முறை. தினமும் காலையில் ஹார்மோனியத்தோடு ரவீந்திர சங்கீதம் பாடுகிறவர். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். வாசிப்பு பரவாயில்லை, ஆனால் தபலா சுருதி இறங்கியிருக்கிறதே, சுத்தியலால் தட்டிச் சேர்க்கவில்லையா என்றார் வங்காளத்தில்.

தம்பி திரையை எட்டிப் பார்த்தான். ரிவெர்புக்குப் பக்கத்துக் குமிழ் 'டியூன்'. அது நடுக்கோட்டிலிருந்து இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. ராத்திரி தப்பி விழுந்த கிளிக்குகளில் எது என்னுடையது, எது அவனுடையது என்று சொல்ல முடியவில்லை.