படகில் திரும்பவும் தனியாகப் போகலாமா?

பக்கவாதம் வந்து தேறிய மீனவரின் வீட்டார் மருத்துவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஆரம்பாக்கம் முதல் பழவேற்காடு வரை ஏரியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. கைக்குப் பலம் திரும்பியிருக்கும், பேச்சும் தெளிந்திருக்கும். ஆனால் காற்று மாறினால் திட்டத்தை மாற்றுவது, அவசரத்தை அடக்குவது, ஒரு வேலையின் நடுவே அடுத்ததை மறக்காமல் இருப்பது ஆகியவை வேறு வகைத் திறன்கள். செயல்நிர்வாகத் திறன் என்கிறார்கள் நரம்பியலாளர்கள். மூளையின் முன்மடலுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

இது குலைந்தால் எப்படியிருக்கும்? கனடாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், மூளையில் வளர்ந்த கட்டிக்காகத் தன் தமக்கைக்கு 1928இல் முன்மடலின் பெரும்பகுதியை அகற்றினார். பின்னர் ஒருநாள் ஐந்து பேருக்கு விருந்து சமைக்க முனைந்தார் அந்தப் பெண். ஒவ்வொரு பண்டத்தையும் செய்யத் தெரியும். எதை எப்போது தொடங்குவது என்று ஒழுங்குபடுத்தத்தான் முடியவில்லை. பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுத்ததும் சமையல் முடிந்தது.

மருத்துவமனைச் சோதனைகளின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அமைதியான அறையில், "இப்போது இதைச் செய்யுங்கள்" என்று சோதிப்பவரே சொல்லிவிடுகிறார். நோயாளியின் முன்மடல் செய்யவேண்டிய வேலையை அவர் செய்துவிடுகிறார். லண்டனில் நரம்பு உளவியலாளர்கள் டிம் ஷாலிஸும் பால் பர்ஜெஸும் 1991இல் இதை வெளிக்காட்டினார்கள். முன்மடலில் அடிபட்ட மூவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பிச் சில விதிகளுடன் சில வேலைகளை முடித்துவரச் சொன்னார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் குறையில்லாத அவர்கள், தெருவில் தடுமாறினார்கள்.

எல்லோரையும் தெருவுக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் மெய்நிகர் காட்சி வந்தது. பிரான்சில் ஆய்வாளர் ஈவ்லின் கிளிங்கரின் குழு கணினித் திரையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டை உருவாக்கி, பார்க்கின்சன் நோயாளிகளை ஏழு பொருள் வாங்கச் சொன்னது. எங்கே நின்றார், எத்தனை முறை சுற்றினார், காசு கொடுத்தாரா என்பதையெல்லாம் கணினியே பதிவு செய்தது. இஸ்ரேலில் 2009இல் பக்கவாத நோயாளிகளுக்கும் இதுபோல ஒரு மெய்நிகர் கடையில் சோதனை நடந்தது.

ஆனால் அந்தக் கடையைப் பழவேற்காட்டுக்காரர் முன் வைத்தால் என்ன தெரியும்? சூப்பர் மார்க்கெட்டில் பழக்கமில்லை என்பது தெரியும், அவ்வளவுதான். ஏரியில் ஒருவர் மூளைக்குத் தினமும் கிடைக்கும் சோதனை வேறு. முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் பாடு முறை வழக்கத்தில் உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலைபோடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். தன் முறையை நினைவில் வைப்பது, பிறர் பாட்டில் இறங்காமல் இருப்பது, நீரோட்டம் பார்த்து நேரம் குறிப்பது: செயல்நிர்வாகத் திறன் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. மெய்நிகர் காட்சியை இங்கிருந்துதான் கட்டவேண்டும் என்பேன். சென்னை ஐஐடியில் மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கென ஒரு மையமே இருக்கிறது. காட்சியைக் கட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை.

எழுத்தை வாசித்து விடைசொல்லும் சோதனைகளில் பள்ளி செல்லாதவர் பின்தங்குவது நோயால் அல்ல. காட்சிச் சோதனை அந்தத் தடையை நீக்கும். வேறு தடைகளைக் கொண்டும் வரும். தலையில் மாட்டும் கருவி சிலருக்குக் குமட்டலைத் தரும். முதியவர் பொத்தானைத் தேடித் தடுமாறுவதும் மதிப்பெண்ணில் குறைவாகவே விழும். ஆகவே முதலில் பழக நேரம் தரவேண்டும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் 2004இல் தன் சோதனைத் தொகுப்புக்கு வயது, பாலினம், கல்வி வாரியாக இந்திய அளவுகோல்களைத் தந்தது. ஏரிக்காட்சிக்கும் அப்படி, முதலில் நோயில்லாத மீனவர்களிடமிருந்தே அளவுகோல் எடுக்கவேண்டும்.