உஷார்! பவுண்டுக் கணக்கு பசியைக் காட்டாது

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளியில் ஃபுட் பேன்ட்ரி (இலவச உணவு அலமாரி) நடத்துகிறோம், அதற்கு ஒரு கிராண்ட் கிடைத்திருக்கிறது என்ற பேச்சு காதில் விழுந்திருக்கும். நல்ல காரியம், கட்டாயம் துணை நில்லுங்கள். ஆனால் பள்ளி ஆண்டு முடியும்போது பணம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் அனுப்பும் அறிக்கையை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். எத்தனை பவுண்டு உணவு சேர்ந்தது, எத்தனை பை கட்டினார்கள், எத்தனை மணி நேரம் தொண்டு செய்தார்கள் என்பது இருக்கும். சாப்பாடு இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் இருக்காது. இதைச் சின்னக் குறை என்று இனியும் விட்டுவிட முடியாது.

ஏன் என்கிறேன். 2025 ஜூலையில் நிறைவேறிய ஃபெடரல் சட்டம், ‘ஸ்நாப்’ என்னும் உணவு உதவிக்கான விதிகளை இறுக்கிவிட்டது. முன்பு 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், வேலை நேரம் காட்ட வேண்டும் என்ற கடுமையான நிபந்தனையிலிருந்து பெற்றோருக்கு விலக்கு இருந்தது. இப்போது 14 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால்தான் அந்த விலக்கு. வேறு விலக்கு எதிலும் வராதவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ தொண்டோ செய்ததாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 36 மாதங்களில் 3 மாதம் மட்டுமே உதவி. 14 வயது என்பது ஏறக்குறைய ஒன்பதாம் வகுப்பு, அதாவது ஹைஸ்கூல் வாசல். அம்மாவின் பங்கு நின்று பிள்ளையின் பங்கு மட்டும் தொடர்ந்தாலும், அந்த வீட்டில் எரிவது ஒரே அடுப்புதான்.

இதே சமயத்தில் அளவுகோலும் கையைவிட்டுப் போகிறது. நாட்டில் எத்தனை வீடுகளில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு என்று 1995 முதல் கேட்டு வந்த வருடாந்தரக் கணக்கெடுப்பை நிறுத்துவதாக 2025 செப்டம்பரில் அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையே கடைசி. 2023இல் 4.74 கோடிப் பேர் அத்தகைய வீடுகளில் வாழ்ந்தார்கள் என்பது அந்தக் கணக்கெடுப்பால்தான் நமக்குத் தெரியும். உதவி குறையும் நேரத்தில் பசியை எண்ணுவதும் நின்றால், பள்ளிக்கூடங்களில் எடுக்கும் சின்னச் சின்னக் கணக்குகளுக்கு முன்பு இல்லாத கனம் வந்துவிடுகிறது. அவை பிழையாக இருக்கக் கூடாது.

முதலில் இந்தப் பவுண்டு. 1.2 பவுண்டு உணவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம் என்பது அமெரிக்க உணவு வங்கிகளில் புழங்கும் கணக்கு. 1,200 பவுண்டு சேர்ந்தால் 1,000 வேளை என்று எழுதிவிடலாம். நாடளாவிய உணவு வங்கிகள் தோராயமாகத் திட்டமிட இது போதும். ஒரு பள்ளியின் அலமாரிக்குப் போதாது. தக்காளி சாஸ் டப்பாவும் எடை கொண்டதுதான். யாரும் தொடாமல் தேதி முடிந்து குப்பைக்குப் போன பீன்ஸும் ‘வழங்கிய சாப்பாடு’ என்று அறிக்கையில் ஏறிவிடும். உள்ளே வந்த எடையைவிட, பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனது எது, எது அலமாரியிலேயே தங்கியது என்பதை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது வருகைக் கணக்கு. இதில் ஏமாறுவது இன்னும் எளிது. பதின்பருவப் பிள்ளைகளின் பசி பற்றி அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, தம்பி தங்கைக்காகத் தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளையும், வெளியே தெரிந்தால் அவமானம் என்று மறைக்கும் பிள்ளைகளையும் பதிவு செய்திருக்கிறது. ஆகவே பேன்ட்ரிக்கு வருவோர் குறைந்தால் பசி குறைந்தது என்று அர்த்தமில்லை. பேன்ட்ரி அறை கேன்டீனுக்கு எதிரே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பதும் காரணமாக இருக்கலாம். வருவோர் கூடினால் அது தோல்வியும் அல்ல. கூச்சம் விட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருக்கலாம். எண் ஏறினாலும் இறங்கினாலும், கூடவே ஒரு கேள்வி கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகள் புதிதாக உண்டாக்க வேண்டாம். மருத்துவமனைகளில் பரவலாகக் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு: மறுபடி வாங்கப் பணம் வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்ற கவலை இருந்ததா, வாங்கியது போதாமல் போனதா. ஆனால் அவை கடந்த 12 மாதத்தைப் பற்றியவை. செப்டம்பரில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் கேட்டால், மே மாதப் பதிலுக்குள் பேன்ட்ரி திறப்பதற்கு முந்தைய கோடையும் வந்துவிடும். உதவி பலித்திருந்தாலும் பலிக்காததுபோல் தெரியும். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தாங்களே நிரப்பக்கூடிய 9 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, அது கடந்த மாதத்தை மட்டும் கேட்கிறது. ஹைஸ்கூலுக்கு ஏற்றது அதுதான். பணம் வந்து அலமாரி நிறைவதற்கு முன்பே முதல் தடவை கேட்டுவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் பிறகு எதோடும் ஒப்பிட முடியாது.

கேட்கும் விதத்தில் மிகவும் ஜாக்கிரதை! பெயர் வேண்டாம், மாணவர் எண் வேண்டாம், பெயரைக் காட்டிக்கொடுக்கும் ஆன்லைன் படிவமும் வேண்டாம். சக மாணவர் முன்னால் கையைத் தூக்கச் சொல்லவே கூடாது. குடும்ப வருமானம் போன்றவற்றை மாணவர்களிடம் விசாரிப்பதற்கு ஃபெடரல் சட்டக் கட்டுப்பாடு உண்டு, பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆகவே பேன்ட்ரி நடத்தும் பிள்ளைகள் தாங்களாகவே படிவம் அடித்துச் சுற்றுக்கு விடாமல், கவுன்சலர் மூலம், நிர்வாகத்தின் அனுமதியோடு செய்யட்டும். பை வாங்கும் பிள்ளையின் படம் எந்த அறிக்கையிலும் வரக் கூடாது. முகம் தெரியாவிட்டாலும் சட்டையையும் பையையும் வைத்துப் பள்ளி முழுக்கக் கண்டுபிடித்துவிடும்.

மதிப்பெண் உயர்ந்தது, வருகைப் பதிவு கூடியது, எல்லாம் எங்கள் பேன்ட்ரியால்தான் என்று எழுதும் ஆசையையும் தடுத்து நிறுத்துங்கள். ஒரு பள்ளியில் ஓர் ஆண்டில் மாறுபவை ஏராளம். அடுத்த ஆண்டு மதிப்பெண் இறங்கினால், அதே வாதத்தைக் காட்டிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். பள்ளிச் சாப்பாடு இல்லாத வார இறுதி முடிந்து, திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, தலைச்சுற்றல் என்று நர்ஸ் அறைக்கு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை அதைவிட நம்பத்தக்க தடயம். வார இறுதிக்கு உணவுப் பை கொடுத்தனுப்பும் வழக்கம் 1990களில் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் தொடங்கியதே, பசியோடு தன்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்த ஒரு பள்ளி நர்ஸ் உதவி கேட்டதால்தான்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. அறிக்கை மே மாத இறுதியில் முடியும், பள்ளி மூடும், பேன்ட்ரியும் மூடும், இலவச மதிய உணவும் நிற்கும். 2024இலிருந்து கோடைக்குப் பிள்ளைக்கு 120 டாலர் தரும் ஃபெடரல் திட்டம் இருக்கிறது, ஆனால் எல்லா மாநிலங்களும் அதில் சேரவில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டெக்சஸ் 2024, 2025 ஆகிய இரண்டு கோடைகளிலும் வெளியே நின்றது. எனவே கிராண்ட் விண்ணப்பம் எழுதும்போதே ஜூன், ஜூலை மாதங்களுக்கும் உணவு, ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் மறுபடி அந்த 9 கேள்விகள், அதற்கான செலவு ஆகிய மூன்றையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். பணம் தருபவர்கள் மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதட்டும்.