வீடு திரும்புமுன் கற்க வேண்டிய பாடம்

சென்ற தவக்காலத்தின் தொடக்கத்தில் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர், பத்து நாள் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். நெடுநாளைய நீரிழிவு நோயாளி. இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான் என்று மருத்துவர் கூறிவிட்டார். "காலை 20, இரவு 12" என்று எழுதிய சீட்டு ஒன்றும், மருந்துப் புட்டியும் அவருடைய துணைவியார் கையில் கொடுக்கப்பட்டன. ஊசிக்குழலை அவர் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டார்.

அம்மையார் ஒருவேளையும் தவறாமல் ஊசி போட்டார். இனிப்பை வீட்டிற்குள்ளேயே விடவில்லை. ஆயினும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. "திருட்டுத்தனமாய் எதையோ தின்கிறார்" என்று பிள்ளைகள் தந்தையைக் கடிந்துகொண்டனர். பாவம், அவர் எதையும் தின்னவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர், இல்லங்களைச் சந்திக்க வந்த செவிலியர் அருட்சகோதரி ஒருவர். அவர் எவரையும் குறை கூறவில்லை. "அம்மா, எப்படிப் போடுகிறீர்கள் என்று எனக்குச் செய்து காட்டுங்கள்" என்றார், அவ்வளவே. அம்மையார் ஊசிக்குழலை எடுத்தார். அதன் மூடி ஆரஞ்சு நிறம்.

நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. அதற்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடியுள்ளதோ 100 அலகு மருந்துக்கு உரியது. அதில் 20 என்ற கோடுவரை 40 அலகு மருந்தை இழுத்தால், உடலுக்குள் செல்வது 8 அலகுதான். பேனா ஊசிக்கான 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 கோடுவரை இழுத்தால், 50 அலகு போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. புட்டியிலுள்ள எண்ணும் குழலிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதே முதற்பாடம். அந்த ஒரு வாக்கியத்தை மருத்துவமனையில் எவரும் அம்மையாருக்குச் சொல்லவில்லை.

நாளமில்லாச் சுரப்பிகளின் நோய்கள் யாவுமே இத்தகையவை. மருத்துவர் மருந்து எழுதுவது சில நிமிட வேலை. அதை ஆண்டுக்கணக்கில் நிறைவேற்றுவது வீட்டில் உள்ளவர்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக உண்ண வேண்டும்; இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி உண்ண வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்கள், உடம்பு நன்றாக இருக்கிறதென்று திடீரென நிறுத்திவிட்டால், உறங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது; மயங்கி விழ நேரும். இவற்றையெல்லாம் சொல்லித் தருவது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில், லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலில் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1918-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜோஸ்லின் நோயாளிகள் படிப்பதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். இல்லந்தோறும் சென்று கற்றுக்கொடுக்கச் செவிலியரையும் அவர் பழக்கினார். அறியாத நோயாளிக்கு மருந்து பாதிப் பயன்தான் தரும் என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார் போலும்.

ஊசியை ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் அங்கே கட்டிபோலத் தடித்து, மருந்து சரிவர உட்கொள்ளப்படாது. தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி வயிற்றிலும், தொடையிலுமாக இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிரிக்காத புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்கலாம். பனிக்கட்டி உறையும் அறையில் வைக்கலாகாது. அப்பெட்டி இல்லாத வீடுகளில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை ஒன்றைப் பதித்து, நீர் புகாத உறையில் மருந்தை வைத்துக் காக்கலாம்.

இனி, அஞ்ச வேண்டியதைக் கூறுவோம். ஊசி போட்டபின் உணவு தாமதமானால், அல்லது வழக்கத்துக்கு மேல் நடந்தால், சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கிவிடும். திடீர் வியர்வை, கைநடுக்கம், பசி, படபடப்பு, காரணமற்ற கோபம், உளறல் ஆகியன அதன் அடையாளங்கள். சில மாத்திரைகளாலும் இது நேரும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் இட்லியோ சோறோ உண்ணட்டும். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். இதைப் பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைகள்வரை அறிந்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது வீட்டில் இருப்பவர் எவரோ, நமக்குத் தெரியாதே.

காய்ச்சலும் வாந்தியும் கண்ட நாளில், "சாப்பாடே இறங்கவில்லை, ஊசி எதற்கு?" என்று நிறுத்திவிடுவோரும் உண்டு. நோய் வந்த நாளில் சர்க்கரை ஏறுவதே வழக்கம். சர்க்கரையை அடிக்கடி சோதித்து, நீராகாரம் கொடுத்து, அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. சிறுவயதிலேயே நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஊசியைப் போட்டுக்கொண்டு ஒருசந்தி இருக்கும் பெரியோரை நாம் அறிவோம். ஒருசந்திக் கடமை 59 வயது நிறைவோடு முடிகிறது. நோயுற்றோருக்கு எவ்வயதிலும் விலக்கு உண்டு.

ஆனால் ஒருசந்தியைவிட நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேளாங்கண்ணி நடைப்பயணம். ஆகஸ்டு 29-இல் கொடியேறுமுன்பே காவியுடையில் புறப்படுவோருள், வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும் நீரிழிவு நோயாளிகளும் உளர். நாட்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. வெயிலில் தோல் கொப்பளித்தாலும் தெரியாது; ஆணி ஏறினாலும் தெரியாது. நாம் அறிந்த ஒருவர் மூன்றாம் நாளிரவு பாயில் இரத்தக்கறை கண்டுதான் தம் காலைப் பார்த்தார். பின்னர் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கால்புண்களுக்கு வலியுணர்வு இல்லாமையே காரணம் என்று எடுத்துக்காட்டியவர். மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்புகளை அவர்களுக்கு அணிவித்தார்கள். 1966-இல் அவர் அமெரிக்கா சென்றபின், அதே பாடம் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பயன்பட்டது. நாள்தோறும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், வெந்நீரை முழங்கையால் தொட்டுச் சோதிப்பதும், காலாணியைப் பிளேடால் செதுக்காதிருப்பதும் அப்பாடத்தைச் சேர்ந்தவையே.

"வெறுங்காலோடு வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டேனே" என்பவர்கள் தம் பங்குத்தந்தையிடம் செல்லட்டும். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. விரல் இழந்த நம் நண்பர் மறு ஆண்டு பேருந்தில்தான் சென்றார். மெத்தென்ற செருப்பு காலில். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். தாம் நீரிழிவு நோயாளி, இன்ன மருந்து, இன்ன அளவு என்று பேத்தி தெளிவாக எழுதிக்கொடுத்த அட்டை ஒன்றும் அதனுடன்.