தோப்பில் மேயவிட்டால் தீவனச் செலவு மிச்சமாகுமா? கீரமங்கலத்து நாட்டுக்கோழிக் கணக்கு

‘வேலையை விட்டுட்டு ஊர்ப்பக்கம் போய் நாட்டுக்கோழி வளர்த்தா என்ன? தோப்பு இருக்கு, தானா மேஞ்சுக்கும், தீவனச் செலவே இல்லை’ - ஐ.டி. அலுவலக டீ இடைவேளைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில் பாதி சரி. கையைக் கடிப்பது மீதிப் பாதி.

தீவனம் ஏன் இவ்வளவு முக்கியம்?

கறிக்கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறது. அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும். 2021-ல் சோயா விலை எகிறியபோது, 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதி கொடுக்க வேண்டி வந்தது.

பிராய்லர் கோழி சுமார் 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடும். அதற்கு மூன்றரை கிலோ தீவனம் போதும். நாட்டுக்கோழி ஒன்றரை கிலோவைத் தொட நாலைந்து மாதம் ஆகும். கொட்டகையில் அடைத்து, கடைத்தீவனம் மட்டுமே போட்டால் 5, 6 கிலோ தின்றுவிடும். அதாவது, ஒரு கிலோ எடைக்கு ஆகும் தீவனம் பிராய்லரைப் போல இருமடங்கு. மேய்ச்சல் இல்லாமல் நாட்டுக்கோழிக் கணக்கு கட்டுப்படியாவது கஷ்டம்.

கீரமங்கலத்தில் ஏன் இந்தப் பேச்சு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னை, பலா, பூ என்று தோட்டங்கள் நிறைந்த பகுதி கீரமங்கலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இங்கே பல வருஷத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒரே பயிரை நம்பினால் ஒரே ராத்திரியில் என்ன ஆகும் என்பதை அந்தப் புயல் காட்டியது. தோப்புக்குள்ளேயே இன்னொரு வருமானம் என்ற யோசனைக்கு இங்கே தனி அர்த்தம் உண்டு.

கோழி மேய்வது புல்லையா?

ஆடு, மாடு மாதிரி புல்லை மட்டும் தின்று கோழி வளராது. அதற்கு நார்ச்சத்தைச் செரிக்கும் வயிறு இல்லை. மேய்ச்சலில் அதற்குக் கிடைக்கும் உண்மையான சத்து பூச்சி, புழு, கறையான், உதிர்ந்த தானியம். பச்சை இலை கூடுதல் வைட்டமின் தரும், அவ்வளவுதான். தென்னந்தோப்புக் குப்பைக்குழியில் இருக்கும் காண்டாமிருக வண்டின் புழுவைக் கோழி கிளறித் தின்றால் தோப்புக்கும் லாபம்.

அசோலாவிலும் இதே குழப்பம் உண்டு. ‘புரதம் அதிகம்’ என்பது உலர்ந்த எடைக்கான கணக்கு. ஒரு கிலோ பச்சை அசோலாவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். கிடைக்கும் புரதம் சுமார் 15 கிராம். 35 கிராம் சோயா புண்ணாக்கில் இருப்பதும் அவ்வளவுதான்.

அதைவிடக் கைகொடுப்பது பழைய கறையான் முறை. ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தென்னைக் கழிவைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் குஞ்சுகளுக்குத் தீனி தயார்.

எதில் கை வைக்கக் கூடாது?

* முதல் 6 வாரம்: குஞ்சுத் தீவனத்தில் மிச்சம் பிடித்தால் வளர்ச்சியும் போகும், குஞ்சும் போகும்.
* தடுப்பூசி: வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் பண்ணையையே காலி செய்யும். 7-ம் நாள் சொட்டு மருந்து, 8-வது வாரம் ஊசி, இடையில் மருத்துவர் சொல்லும் தவணை.
* குடற்புழு: மண்ணைக் கிளறும் கோழிக்கு இது நிச்சயம் வரும். மேய்ச்சல் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏக்கருக்கு 100 கோழி என்பது பாதுகாப்பான அளவு.
* பூந்தோட்டம்: மருந்து அடித்த செடியிலிருந்து விழும் பூச்சியைத் தின்றால் கோழி சாகும்.
* கீரி, பருந்து, நாய்: வலை, வேலிச் செலவை முதலீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

பிராய்லரை மேயவிட்டால்?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோயல் சலாட்டின் என்ற விவசாயி பிரபலமாக்கிய முறை இது. அடிப்பாகம் இல்லாத கூண்டைத் தினமும் புதுப் புல்லுக்கு நகர்த்துவார்கள். ஆனால் அந்தக் கூண்டுக்குள்ளும் தானியத் தீவனம் உண்டு. சீக்கிரம் எடை போடுவதற்காகவே உருவாக்கிய இனம், தேடித் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளாது. தீவனத்தைக் குறைக்க இனமும் தோதாக அமைய வேண்டும்.

எப்படித் தொடங்கலாம்?

6 வாரத்துக்குப் பிறகு பகலில் மேய்ச்சல், சாயங்காலம் அடையும் நேரத்தில் கம்பு, சோளம், தவிடு, புண்ணாக்குக் கலவை. பூசணம் பிடித்த புண்ணாக்கு மட்டும் ஆகவே ஆகாது. வெயில் காலத்தில் பூச்சி குறையும்போது கலவையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

புதுக்கோட்டையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையமும், ஆலங்குடி அருகே வம்பனில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கடன் வாங்குவதற்கு முன், அங்கே விசாரித்துவிட்டு 50 குஞ்சோடு ஒரு முழுச் சுற்று பார்ப்பது நல்லது. வாரம் ஒருமுறை பத்துக் கோழியை எடை போட்டு, வாங்கிய தீவனத்தையும் எழுதி வைத்தால் போதும். நாலாவது மாதம் அந்த நோட்டில் ஒரு கிலோ கோழிக்கு ஆன தீவனச் செலவு தெரிந்துவிடும். வேலையை விடலாமா, சனி ஞாயிறு மட்டும் ஊருக்குப் போகலாமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.