ஹேங் ஆன லேப்டாப் சும்மா இருப்பதில்லை

பிரவுசரில் வரிசையாக டேப்கள், ஒரு பக்கம் வீடியோ கால், இன்னொரு பக்கம் கனமான ஒரு கோப்பு. திடீரென மவுஸ் அம்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. பாட்டு விக்கி விக்கி நிற்கிறது. மூலையிலுள்ள கடிகாரம் நகர மறுக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறோம். சேமிக்காத வேலை அத்தனையும் போச்சு.

லேப்டாப் செயலிழந்துவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் டிஸ்க் விளக்கு உள்ள மாடல் என்றால் அந்தச் சமயத்தில் பாருங்கள், விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருக்கும். லேப்டாப் அப்போது மூச்சுவிடாமல் உழைக்கிறது. அந்த உழைப்பில் ஒரு துளிகூட நம் வேலைக்குப் பயன்படுவதில்லை.

ஏன் என்று புரிய ஒரு பழைய உத்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரேமில் இருப்பதைவிடப் பெரிய நினைவகம் இருப்பதுபோல் நிரல்களுக்குக் காட்டும் உத்தியை முதலில் செயல்படுத்தியது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி. நினைவகத்தைச் சிறு பக்கங்களாகப் பிரித்து, உடனே தேவைப்படாதவற்றை வேறொரு சேமிப்பகத்துக்கு அனுப்பிவிடுவது, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருவது. இன்றைய லேப்டாப்களும் இதையே செய்கின்றன. இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4 கிலோபைட்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் எஸ்எஸ்டிக்கு ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கு மேல். எப்போதாவது ஒரு பக்கம் இப்படி வந்தால் நமக்குத் தெரியாது. ஆனால், ஓடும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில் கட்டாயம் வேண்டிய பக்கங்களின் கூட்டுத்தொகை ரேமைத் தாண்டிவிட்டால், ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளியது அடுத்த கணமே தேவைப்படும். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் 1968-இல் இதைத் தெளிவாக விளக்கினார். கணினித் துறையில் இதற்குத் ‘திராஷிங்’ என்று பெயர். இதில் வேகம் படிப்படியாகக் குறைவதில்லை. எல்லை தாண்டியதும் ஒரேயடியாகச் சரிகிறது. அதனால்தான் இருபது டேப் வரை நன்றாக ஓடிய லேப்டாப் இருபத்தொன்றாவது டேப்பில் உறைந்துபோகிறது.

லினக்ஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பக்கங்களைத் தள்ளிவைக்க டிஸ்க்கில் ‘ஸ்வாப்’ என்ற இடம் இருப்பதால்தானே இந்தப் போக்குவரத்து என்று பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். ரேம் குறைவான லேப்டாப்பில் இது நிலைமையை இன்னும் மோசமாக்கும். நிரல் உருவாக்கிய தரவைத் தள்ள இடமில்லாதபோது, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், நிரலின் கட்டளைகள் அடங்கிய பக்கங்களையே ரேமிலிருந்து எடுத்துவிடுகிறது. அவற்றின் அசல் டிஸ்க்கில் கோப்பாக இருக்கிறதே, பிறகு படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அது. மவுஸை நகர்த்தும் நிரலின் கட்டளைகளுக்கும் இதே கதிதான். அம்பு ஓர் அங்குலம் நகரவே டிஸ்க்கிலிருந்து பல பக்கங்கள் வந்தாக வேண்டும்.

நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலை முடித்துவைக்கும் ‘ஓஓஎம் கில்லர்’ கெர்னலில் உண்டு. ஆனால் எதையும் வெளியேற்ற முடியாத நிலை வந்தால்தான் அது விழிக்கும். கட்டளைப் பக்கங்களை எடுத்துவிட முடிகிறவரை, கெர்னலின் பார்வையில் எல்லாம் நலமே. இந்தக் குறை 2019-இல் லினக்ஸ் வட்டாரத்தில் பெரிய விவாதமாக வெடித்தது.

தீர்வுக்கான வழி 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20-இலேயே இருந்தது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் எழுதிய பிஎஸ்ஐ என்ற வசதி, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பதில்லை. கடந்த 10 நொடியில், 60 நொடியில், 300 நொடியில் நிரல்கள் நினைவகத்துக்காகக் காத்துக்கிடந்து வீணாக்கிய நேரம் எத்தனை சதவீதம் என்று அளக்கிறது. பயனர் அனுபவிக்கும் வேதனையை நேரடியாக அளக்கும் கருவி இது. என் கணிப்பில், இந்தத் துறையில் அண்மைக்காலத்தின் மிக நல்ல யோசனை. இதைப் பார்த்து முன்கூட்டியே செயல்படும் ‘சிஸ்டம்டி-ஓஓஎம்டி’ என்ற நிரல், லினக்ஸ் வகைகளான ஃபெடோரா 34-இலும் உபுண்டு 22.04-இலும் இடம்பெற்றது. சொல்லாமல் கொள்ளாமல் பிரவுசரை மூடிவிடுகிறதே என்று உபுண்டு பயனர்கள் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். என்றாலும் ஒரு பிரவுசர் போவது, திறந்திருக்கும் எல்லாமே போவதைவிட மேல்.

ஹேங் ஆவதற்கெல்லாம் ரேம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி இரையும், எல்லாம் மந்தமாகும், ஆனால் மவுஸ் பொதுவாக நகரும். வேலையே இல்லாதபோதும் உறைந்தால் ரேம் சில்லையோ டிஸ்க்கையோ சந்தேகிக்க வேண்டும். கனமான வேலையில் மட்டும் உறைகிறது என்றால், சிஸ்டம் மானிட்டரைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். உறைவதற்குச் சற்று முன்பு ரேம் வரைகோடு உச்சியைத் தொட்டிருந்தால் காரணம் ஏறக்குறைய உறுதி.

அப்படியானால் ஸ்வாப்பை அணைக்காதீர்கள். லினக்ஸில் ‘இசட்-ரேம்’ வசதியை இயக்குங்கள். ஒதுக்கப்படும் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமிலேயே சுருக்கி வைக்கும். ஃபெடோரா 33 முதல் இது தானாகவே இயங்குகிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள், ஸ்வாப்புக்கு இணையான பேஜ் ஃபைலை ‘ஆட்டோமேட்டிக்’ நிலையிலேயே விடுங்கள். லினக்ஸில் ஏற்கெனவே உறைந்துவிட்டால் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓஓஎம் கில்லர் உடனே எழும். உபுண்டுவில் இதை அமைப்புகளில் முன்பே அனுமதித்திருக்க வேண்டும்.

“ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் பண்ணணும்” என்று கடையில் சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். ரேம் எவ்வளவு இருக்கிறது, கூடுதலாக ஒன்றைச் செருக இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். புதிது வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை.